உயர்ந்த மாடங்களும் உழைத்தோர் கூலியும்

ஹஜ்ஜுக்குச் சென்று மீண்டோர் ஹரம் ஷரீஃபின் பளிங்குத் தளங்களையும் வானளாவும் மினாராக்களையும் வியந்து பேசக் கேட்கிறோம். அவற்றில் பெரும்பகுதியை எழுப்பிய பின் லாதின் நிறுவனத்தின் வரலாறு, நாம் படிப்பினை பெறத்தக்க ஒன்றாகும்.

யமன் நாட்டு ஹழரமவ்த் பகுதியைச் சேர்ந்த முஹம்மது பின் லாதின், பிழைப்புத் தேடி ஜித்தா வந்து, சுமை தூக்கி உழைத்தவர். 1931இல் அவர் தொடங்கிய கட்டுமானத் தொழில், மன்னர் அப்துல் அஜீஸின் அரண்மனைப் பணிகளால் ஓங்கிற்று. 1950களில் மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியையும் மக்காவின் ஹரமையும் விரிவாக்கும் பெரும்பேறு அவருக்கு வாய்த்தது. 1967இல் விமான விபத்தில் அவர் மறைந்தபோது, மன்னர் ஃபைஸல் பொறுப்பாளர் குழுவொன்றை நியமித்து நிறுவனத்தைக் காத்தார். 1973க்குப் பின் எண்ணெய் விலை பன்மடங்காகவே, பணிகளும் பெருகின. மக்காவின் 601 மீட்டர் உயர மணிக்கூண்டுக் கோபுரமும் இந்நிறுவனம் கட்டியதே.

எனினும், இவ்வளர்ச்சி அரசுக் கருவூலத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. 2014இன் நடுவில் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய்ப் பீப்பாய், 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே இறங்கியது. அரசு தரவேண்டிய தொகைகள் தாமதமாயின. இதற்கிடையே, 2015 செப்டம்பர் 11 அன்று ஹரமில் நின்ற கிரேன் பெருங்காற்றில் சாய்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். வேலையில்லா வேளையில் அதன் நீண்ட கையைத் தாழ்த்தி வைக்கவில்லை என விசாரணையில் தெரியவந்தது. புதிய ஒப்பந்தங்கள் சில மாதங்கள் தடுக்கப்பட்டன.

அடியின் வலியை முதலில் தாங்கியவர் தொழிலாளரே. 2016இல் பல்லாயிரவர் வேலையிழந்தனர். மாதக்கணக்கில் ஊதியம் காணாதோர் கொதித்தெழ, மக்காவில் நிறுவனப் பேருந்துகள் தீக்கிரையாயின. 2017இல் ஊழல் ஒழிப்பு நடவடிக்கையின்போது நிறுவனத் தலைவர் பக்ர் பின் லாதின் தடுத்து வைக்கப்பட்டார். 2018இல் ஏறத்தாழ 36 விழுக்காட்டுப் பங்கு அரசின் வசமாயிற்று.

ஃபிக்ஹு நூல்களின் இஜாரா பாடத்தை ஓதியவர் அறிவர்: வேலை முடிந்தபின் கூலி, வேலை வாங்கியவர் மீது கடனாகிறது. தமக்கு வரவேண்டியது தாமதித்தாலும் அக்கடன் நீங்காது. கட்டப்பட்டது அல்லாஹ்வின் இல்லமே ஆயினும் நீங்காது. கடல் கடந்து உழைப்போரின் வருவாயால் அடுப்பெரியும் இல்லங்கள் நம்மிடையே எத்தனையோ! நம் ஊர்ப் பள்ளிவாசலுக்குக் கல் சுமக்கும் கொத்தனாரின் கூலி, மாலையில் அவர் வீடு திரும்புமுன் கையில் சேர்ந்ததா என்பதை நாம் முதலில் பார்ப்போமாக.