கியரை மாற்றுவது யார்?

வேகம் வேண்டின் இழுவிசையை விட்டுக்கொடுத்தல் வேண்டும். இழுவிசை வேண்டின் வேகத்தை விட்டுக்கொடுத்தல் வேண்டும். கியர் எனப்படும் பல்சக்கர அமைப்பு ஆற்றலைப் படைப்பதில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற்றுத் தருவதே அதன் பணி. அம்மாற்றத்தின் நேரத்தை முடிவு செய்பவர் யார் என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

தொடக்க காலக் கார்களில் ஓட்டுநரின் காதும் கையுமே முடிவு செய்தன. நேரம் தவறினால் பற்கள் உரசிக் கரகரத்தன. 1928 இல் காடிலாக் கார்களில் வந்த ஒத்தியங்கு அமைப்பு அவ்வுரசலைத் தணித்தது. அதனை ஆக்கிய ஏர்ல் தாம்சனே பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கித் தானியங்கு கியரையும் உருவாக்கினார். 'ஹைட்ராமாட்டிக்' என்னும் பெயருடன் அது 1939 இல் வெளிவந்தது. அதனுள் இரண்டு எண்ணெய் அழுத்தங்கள் எதிரெதிர் நின்றன. ஒன்று வண்டியின் வேகத்தைக் காட்டிற்று; மற்றொன்று ஓட்டுநர் மிதிக்கும் அளவைக் காட்டிற்று. முன்னது மிகுந்தால் மேல் கியர். பின்னது மிகுந்தால் கீழ்க் கியர்.

இதே வினா பின்னர் மாணவர் கைக்கும் வந்தது. டீன் கேமன் 1989 இல் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் முதல் ரோபோப் போட்டி, 1992 இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 28 குழுக்களுடன் நடந்தது. இப்போட்டி ரோபோக்கள் 12 வோல்ட் மின்கலத்தால் ஓடுவன. எதிரியைத் தள்ளும்போது மோட்டாரின் வேகம் குன்றும். வேகம் குன்றக் குன்ற அது இழுக்கும் மின்னோட்டம் பெருகும். இப்போட்டிகளில் நெடுங்காலம் வழங்கிய 'சிம்' மோட்டார் ஒன்று, முற்றும் நின்றுவிட்டால் 130 ஆம்பியர் வரை இழுக்கும். நான்கு மோட்டார்கள் ஒருங்கே நின்றால் மின்கலத்தின் அழுத்தம் சரியும்; ரோபோ களத்திலேயே செயலிழக்கும். பல வார உழைப்பு ஒரு நொடியில் வீணாகும். கீழ்க் கியரிலோ, மோட்டார் நிற்பதற்கு முன்பே சக்கரம் தரையில் வழுக்கிவிடும், மோட்டார் பிழைக்கும்.

ஆட்டத்தில் கண்வைத்த மாணவன் இதனை உணர்ந்து பொத்தானை அழுத்துவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். ஆகவே சில குழுக்கள் அப்பொறுப்பைக் கணினிக்கே அளித்தன. அது சக்கர வேகத்தையும் மின்னோட்டத்தையும் ஓயாது அளந்து கியரை மாற்றுகிறது. மேலேறும் வேகமும் கீழிறங்கும் வேகமும் ஒன்றாயிருப்பின் கியர் ஓயாமல் தாவும். எனவே இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி விடப்படுகிறது.

காதும் கையும் செய்ததை எண்ணெய் செய்தது. எண்ணெய் செய்ததைக் கணக்கு செய்கிறது. எனினும், எவ்வளவு சுமையில் இறங்குவது என்னும் எல்லையை வகுத்துக் கொடுப்பவன் மாணவனே. சுமையை அளந்தறியாதவன் வகுக்கும் எல்லை, கணினியையும் தவறச் செய்யும்.