அணு உலைக்குள் ரோபோக்கள்: மனிதர் நுழைய முடியாத இடத்தில் ஆய்வு

ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில், நீருக்குள் இயங்கும் ரோபோ ஒன்று 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் முதலாவது அணு உலையின் அடிப்பகுதிக்குள் செலுத்தப்பட்டது. உலைக்கலனைத் தாங்கி நிற்கும் கான்கிரீட் சுவரின் உட்புறத்தை அது படம்பிடித்தது. சுமார் 1.2 மீட்டர் தடிமன் கொண்ட அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலான இடங்களில் கான்கிரீட் காணாமல் போய், உள்ளிருந்த இரும்புக் கம்பிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

விபத்து நடந்து 12 ஆண்டுகளுக்குப் பின்னரே இந்த உண்மை கண்ணால் காணப்பட்டது. நிலநடுக்கங்கள் அடிக்கடி நிகழும் ஒரு பகுதியில், சேதமடைந்த உலை எதன் மீது நிற்கிறது என்ற கேள்விக்கு அதுவரை பெரும்பாலும் கணினிக் கணிப்புகளே பதிலாக இருந்தன. ஆபத்தான இடங்களில் ரோபோக்களைக் கொண்டு ஆய்வு செய்வது ஏன் இன்றியமையாதது என்பதையும், அது எவ்வளவு மெதுவான பணி என்பதையும் இந்த நிகழ்வு காட்டுகிறது.

மனிதர்களே ரோபோக்களாக

அணு உலை விபத்துகளில் ரோபோக்களைப் பயன்படுத்தும் முயற்சி அமெரிக்காவின் திரீ மைல் தீவில் 1979-ம் ஆண்டு நடந்த விபத்தை அடுத்துத் தொடங்கியது. அங்கு கதிர்வீச்சு நிறைந்த அடித்தளத்தை ஆராய, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய தொலைவிலிருந்து இயக்கப்படும் வண்டி 1984-ம் ஆண்டு இறக்கப்பட்டது.

ஆனால் 1986-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து இயந்திரங்களின் எல்லையை உணர்த்தியது. வெடித்துச் சிதறிய கிராஃபைட் கட்டிகளைக் கூரையிலிருந்து அகற்ற அனுப்பப்பட்ட மேற்கு ஜெர்மனியின் ரோபோ விரைவிலேயே செயலிழந்தது. அதன் பின்னர் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் கையில் மண்வாரியுடன் கூரை மீது அனுப்பப்பட்டனர். ஒருவர் அங்கு ஓரிரு நிமிடங்கள் மட்டுமே நிற்க முடிந்தது. அவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர் 'உயிர் ரோபோக்கள்' என்பதாகும்.

கைவிடப்பட்ட திட்டம்

தொழிற்சாலை ரோபோக்களின் உற்பத்தியில் உலகின் முன்னணியில் இருக்கும் நாடு ஜப்பான். ஆயினும் 2011-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமாவைத் தாக்கியபோது, சிதைந்த உலைக் கட்டடங்களுக்குள் முதலில் அனுப்பப்பட்டவை அமெரிக்காவிலிருந்து வந்த 'பேக்பாட்' ரோபோக்களே. குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் படைத்துறைப் பணிக்காக அறியப்பட்ட அவை அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் உள்ளே நுழைந்து கதிர்வீச்சு அளவைப் பதிவு செய்தன.

இதற்கான காரணம் தொழில்நுட்பத்தில் இல்லை. 1999-ம் ஆண்டு தோக்கைமுராவில் நடந்த அணு விபத்தில் ஊழியர்கள் இருவர் உயிரிழந்த பின்னர், ஜப்பான் அரசு நிதியுதவியுடன் இத்தகைய ரோபோக்கள் உருவாக்கப்பட்டன. ஆனால் அவற்றுக்கான தேவை எழாது என்று கருதப்பட்டதால் அந்தத் திட்டம் தொடரவில்லை. பெரும் விபத்து நேரலாம் என்று ஏற்பாடு செய்வது, அணுமின் நிலையங்கள் முற்றிலும் பாதுகாப்பானவை என்று மக்களுக்குக் கூறப்பட்டு வந்ததற்கு முரணாக அமைந்திருக்கும்.

தடைகள்

உலைக்குள் ரோபோக்கள் எதிர்கொள்ளும் தடைகள் பல. கடும் கதிர்வீச்சு மின்னணுச் சில்லுகளையும் கேமராக்களையும் பழுதாக்குகிறது. தடித்த கான்கிரீட் சுவர்கள் வானொலி அலைகளைத் தடுப்பதால், பல ரோபோக்கள் கம்பிவடம் மூலம் இயக்கப்படுகின்றன. அந்த வடமே இடிபாடுகளில் சிக்கிக்கொள்கிறது. ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய 'குயின்ஸ்' என்ற ரோபோ, 2011-ம் ஆண்டு அக்டோபரில் இரண்டாவது உலைக் கட்டடத்தினுள் வடம் சிக்கியதால் அங்கேயே கைவிடப்பட்டது.

2015-ம் ஆண்டு முதலாவது உலைக்குள் அனுப்பப்பட்ட ரோபோ ஒன்றும், 2017-ம் ஆண்டு பிப்ரவரியில் இரண்டாவது உலைக்குள் அனுப்பப்பட்ட தேள் வடிவ ரோபோவும் திரும்பி வரவில்லை. ஆயினும் நின்றுபோவதற்கு முன் அவை அனுப்பிய தகவல்கள் அடுத்த ரோபோவின் வடிவமைப்புக்கு உதவின. 2017-ம் ஆண்டு ஜூலையில், சுமார் 13 சென்டிமீட்டர் விட்டமே கொண்ட நீந்தும் ரோபோ ஒன்று, குறுகிய குழாய் வழியாக மூன்றாவது உலைக்குள் சென்று, உருகி உறைந்த எரிபொருள் எனக் கருதப்படும் படிவுகளைப் படம்பிடித்தது.

இனி

மூன்று உலைகளிலும் இத்தகைய படிவுகள் மொத்தம் சுமார் 880 டன் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 2024-ம் ஆண்டு நவம்பரில், தூண்டில் போல நீளும் கருவி மூலம் இரண்டாவது உலையிலிருந்து முதன்முறையாக எடுக்கப்பட்ட மாதிரியின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அந்தப் பணியும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு முறை தடைபட்டது. கருவியை உள்ளே தள்ளும் குழாய்களைத் தவறான வரிசையில் வைத்ததே அதற்குக் காரணம். குழாய்களை அடுக்கி வைத்தவர்கள் கதிர்வீச்சுப் பகுதியில் பணிபுரிந்த மனிதர்கள்.

ரோபோக்கள் மனிதரின் இடத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையே இது காட்டுகிறது. அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தவும், பொருத்தவும், பழுது பார்க்கவும் ஊழியர்கள் இன்றும் தேவைப்படுகின்றனர்.

நிலையத்தை நடத்தும் டெப்கோ நிறுவனம், படிவுகளைப் பெருமளவில் அகற்றும் பணி 2037-ம் ஆண்டுக்கு முன் தொடங்காது என்று 2025-ம் ஆண்டு ஜூலையில் தெரிவித்தது. விபத்துக்குப் பின் 30 முதல் 40 ஆண்டுகளில் நிலையத்தை முற்றாக அகற்றும் பழைய இலக்கு இதனால் கேள்விக்குள்ளாகியுள்ளது.

ஓர் ஆபத்தை மனிதர் சென்று பார்க்க முடியாதபோது, ரோபோ கொண்டுவரும் படமே முடிவெடுப்பவர்களுக்கும் அருகில் வாழும் மக்களுக்கும் கிடைக்கும் ஒரே சான்று. ஆனால் அந்த ரோபோ விபத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டுமானால், விபத்து நேரக்கூடும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஃபுகுஷிமாவில் அந்த ஒப்புதல் விபத்துக்குப் பின்னரே வந்தது.