உடல் எடையும் உருவத்தைச் சீராக்கும் அறுவை சிகிச்சையும்: யாருக்குப் பொருந்தும்?



பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் "பிள்ளை கொஞ்சம் பருமன்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டு பிரசவத்துக்குப் பின் வயிறு தொங்கிவிட்டதே என்று ஒரு சகோதரி வருந்துகிறார். வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுமுறையில் வரும் தம்பி, திரும்புவதற்குள் தொப்பையை எடுத்துவிட நினைக்கிறார். செல்போனைத் திறந்தால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் விளம்பரம். புவனகிரி, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதிக் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு நுழைந்துவிட்டதால், இதைப் பற்றித் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

இரண்டும் ஒன்றல்ல

உடல் பருமனுக்குச் செய்யப்படுவது பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை. இரைப்பையின் அளவைக் குறைத்து அல்லது உணவு செல்லும் பாதையை மாற்றி எடையைக் குறைப்பார்கள். இது நோய்க்கான சிகிச்சை.

உருவத்தைச் சீராக்குவது வேறு. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் குழாய் வழியாக உறிஞ்சுவது லைப்போசக்ஷன். தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்துத் தைப்பது டம்மி டக். இவை எடையைக் குறைக்கும் சிகிச்சைகள் அல்ல. லைப்போசக்ஷனில் ஒரே முறையில் சுமார் 5 லிட்டருக்கு மேல் எடுப்பது ஆபத்தை அதிகரிக்கும் என்பது மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு.

நம்மில் பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு, தொப்பை கெட்டியாக இருக்கும். அந்தக் கொழுப்பு தோலுக்கு அடியில் இல்லை; வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கிறது. அதை எந்தக் குழாயாலும் உறிஞ்ச முடியாது. சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழிவகுப்பது பெரும்பாலும் அந்தக் கொழுப்புதான். உணவும் உழைப்பும்தான் அதைக் கரைக்கும்.

எடை எவ்வளவு இருக்கலாம்?

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. என்னும் எண். 160 செ.மீ. உயரமுள்ளவர் 64 கிலோ இருந்தால் அது 25. 77 கிலோ என்றால் 30. 90 கிலோ என்றால் 35. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை என்றும், 25-ஐத் தாண்டினால் பருமன் என்றும் கணக்கிடுகிறார்கள்.

உருவத்தைச் சீராக்கும் சிகிச்சைக்குப் பி.எம்.ஐ. 30-க்குள் இருப்பவர்களையே பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். 35-ஐத் தாண்டினால் பெரும்பாலும் "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்பார்கள். எடை கூடக் கூட மயக்க மருந்தின் ஆபத்து கூடும். காயம் ஆறத் தாமதமாகும், சீழ் வைக்கும். காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

எடை குறைந்தால் மட்டும் போதாது, சில மாதங்கள் ஏறாமல் இறங்காமல் நிற்கவும் வேண்டும். பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்தவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்க வேண்டும். இன்னும் குழந்தை பெற விரும்புபவர்கள் டம்மி டக்கைத் தள்ளிப்போடுவதே நல்லது. மீண்டும் கருவுற்றால் வயிறு திரும்பவும் தளர்ந்துவிடும். புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

விடுமுறையில் வருபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே பல மணி நேரம் விமானத்தில் அமர்ந்து செல்வது இரத்தம் உறையும் ஆபத்தை மேலும் கூட்டும்.

நடந்தவை

2022 மே மாதம் பெங்களூருவில் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். வயது 21. பெற்றோருக்குத் தெரிவிக்காமல் சென்றிருந்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. 2024 ஏப்ரலில், நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் இளைஞர் சென்னையை அடுத்த பம்மலில் உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சையின்போது உயிரிழந்தார். அவருடைய எடை சுமார் 150 கிலோ. முதலாமவர் பருமனானவர் அல்லர். இரண்டாமவர் மிகவும் பருமனானவர். எந்த எடையிலும் இது சிறிய விஷயம் அல்ல என்பதற்கு இவை போதும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அல்லாஹ்வின் படைப்பை மாற்றத் தூண்டுவது ஷைத்தானின் வேலை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 119-வது வசனம் எச்சரிக்கிறது. அழகுக்காகப் பற்களை இடைவெளியாக்கிக்கொள்ளும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அதே நேரத்தில், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்று அபூதாவூதில் உள்ளது. குறையைச் சரிசெய்வது வேறு, இருப்பதை மாற்றுவது வேறு என்று உலமாக்கள் இதிலிருந்து பிரித்துக் காட்டுகிறார்கள்.

2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இது பற்றித் தீர்மானம் எடுத்தது. எடை ஒரு நோயாகி, அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழி இல்லாமல், தீங்கு இல்லை என்ற பாதுகாப்பும் இருந்தால் அது கூடும் என்பது அதன் சாரம்.

இந்த மூன்று நிபந்தனைகளையும் மருத்துவம் சொல்வதோடு சேர்த்துப் பாருங்கள். எடை நோயாகிவிட்டவருக்கு லைப்போசக்ஷன் மருந்தாகாது. லைப்போசக்ஷனுக்குப் பொருத்தமானவருக்கோ பெரும்பாலும் எடை நோயாக இருக்காது. ஆகவே "எடைக்காகத்தான் செய்கிறேன்" என்று சொல்லி ஆறுதல் அடைய முடியாது. ஆனால் 30, 40 கிலோ குறைத்தபின் தோல் மடிந்து தொங்கி, மடிப்புக்குள் புண்ணாகி, நடப்பதும் சுத்தம் செய்வதும் சிரமமானவரின் நிலை வேறு. அவருக்கு அது நிவாரணம். நாம் ஃபத்வா தரவில்லை; தத்தமது நிலையை மருத்துவரிடமும் ஆலிமிடமும் மறைக்காமல் சொல்லிக் கேட்பதே முறை.

செய்ய வேண்டியவை

1. முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, சில மாத்திரைகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

2. சிகிச்சை அவசியமென்றால், மருத்துவர் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். அழகுநிலையப் பட்டயப் படிப்பு அறுவை சிகிச்சைக்கான தகுதி அல்ல. புதுச்சேரி ஜிப்மரிலும் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை உண்டு. அங்கே இரண்டாவது கருத்துக் கேட்கலாம்.

3. மயக்க மருத்துவர் உடனிருப்பாரா, தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா என்று கேளுங்கள்.

4. வீட்டாருக்குத் தெரியாமல் செல்லாதீர்கள். வீட்டார் கோபிப்பார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் மறைக்கும் நிலையையும் நாம் உண்டாக்க வேண்டாம்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை திர்மிதியில் காண்கிறோம். வலீமா பிரியாணியிலும் நோன்பு திறக்கும் வடை, சமோசாவிலும் அதை நினைத்துக்கொண்டால் நம்மில் பலருக்குக் கத்தி தேவைப்படாது. பெண் பார்க்கப் போகும் நாமும், ஒரு பிள்ளையின் எடையைப் பற்றி வாய் திறக்கும் முன் அல்லாஹ்வை அஞ்சிக்கொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், உள்ளதில் பொருந்திக்கொள்ளும் மனதையும் தருவானாக. ஆமீன்.