நொய்யலின் பாக்கி

பனியன் ஏற்றுமதியால் திருப்பூருக்கு வந்த டாலரைப் பேசுகிறவர்கள் ஒரத்துப்பாளையம் அணையை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்காக 1990களின் தொடக்கத்தில் நொய்யல் ஆற்றின் குறுக்கே எழுந்த அந்த அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ப் பட்டறைகளின் சாயக்கழிவுத் தொட்டியானது. வெளுப்புக்கும் சாயமேற்றலுக்கும் கொட்டிய உப்பு கிணறுகளில் இறங்கியது. பாசனத்துக்குத் திறக்க வேண்டிய மதகை, திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் விநோதம் நடந்தது. இதற்குப் பொறுப்பேற்கச் செய்தது யார்? வெளிநாட்டு வியாபாரியோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அல்ல, வழக்குத் தொடுத்த ஆயக்கட்டுதாரர்கள், அதாவது பாசன விவசாயிகள்தான் என்பேன். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம் விதித்தது. ஆற்றுக்கு அப்போதுதான் ஒரு விலை எழுதப்பட்டது, அதுவும் பைசாக் கணக்கில்! உச்ச நீதிமன்றம் 2009இல் உழவர் பக்கமே நின்றது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

சிறு பட்டறைக்காரரும் கூலித் தொழிலாளியும்தானே அடிபட்டார்கள் என்பது நியாயமான கேள்வி. அடிபட்டது உண்மை. ஆனால் அவர்களைக் குறைந்த கூலிக்குச் சாயம் போட வைத்த விலையில், சுத்திகரிப்புச் செலவு ஒருநாளும் சேர்க்கப்படவில்லை. அந்தப் பாக்கியைத்தான் கீழ்மடை உழவர் தன் நிலத்தால் கட்டிக்கொண்டிருந்தார்.