தடயவியல் உயிர்விசையியல்

உடலில் பட்ட காயம் எத்தகைய விசையால், எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில் ஏற்பட்டிருக்கக்கூடும் என்று கணக்கிட்டு நீதிமன்றத்துக்கு விளக்கும் துறை. காயம் இன்னதென்று சொல்வது மருத்துவர். சொல்லப்படும் சம்பவத்தால் அந்தக் காயம் ஏற்பட முடியுமா என்று ஆராய்பவர் உயிர்விசையியல் வல்லுநர். நொறுங்கிய வாகனம், சீட் பெல்ட்டில் பதிந்த இழுவைத் தடம், வண்டியின் பதிவுக்கருவி காட்டும் வேக மாற்றம், எக்ஸ்ரே படங்கள் ஆகியவை அவருக்கான சான்றுகள்.

எலும்பையும் தசையையும் நெம்புகோல்களாகக் கண்டு கணக்கிட்ட இத்தாலியர் போரெல்லியின் நூல், அவர் இறந்தபின் 1680-81இல் வெளியானது. ஆனால் காயத்தைக் கணக்கிடும் வேலை 20ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. அதுவும் குற்றவாளியைப் பிடிக்க அல்ல, உயிரைக் காக்க. 1917இல் விமானப் பயிற்சியில் விபத்துக்குள்ளாகிப் பிழைத்த ஹியூ டீஹேவன், 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் சாகாதவர்களை ஆராய்ந்து 1942இல் கட்டுரை வெளியிட்டார். விழுந்த இடம் சற்றே அமுங்கிக் கொடுத்தால் விசை பரவுகிறது, உடல் தாங்குகிறது என்பது அவர் கண்டது. டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பொறியாளர் லிஸ்னரும் நரம்பு அறுவை மருத்துவர் குர்ஜியனும் 1939 முதல் தலைக்காயத்தை ஆராய்ந்தனர். 1954 டிசம்பரில் ஜான் பால் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் சறுக்குவண்டியில் மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து, ஒன்றரை நொடிக்குள் நின்றார். புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு விசையைத் தாங்கியது அவர் உடல். இவர்களில் எவரும் சாட்சிக்கூண்டை மனதில் வைத்து உழைத்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இவர்களைத் தேடி வர ஒரு காரணம் 1968இல் அமைந்தது. நேருக்கு நேர் மோதலில் ஸ்டியரிங் பின்னால் தள்ளப்பட்டு ஓட்டுநரின் தலையில் இடித்த கார்வேர் கார் வழக்கு அது. விபத்துக்குக் காரணமாக இல்லாவிட்டாலும், வடிவமைப்பால் கூடிய காயத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்றது அமெரிக்க 8வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். எந்தக் காயம் மோதலால், எந்தக் காயம் வடிவமைப்பால் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

வல்லுநர் வாக்கின் எல்லையும் பிறகு தீர்ப்புகளால் வகுக்கப்பட்டது. விஞ்ஞானச் சாட்சியம் நம்பத்தக்கதா என்பதை நீதிபதியே சோதிக்க வேண்டும் என்ற 1993ஆம் ஆண்டின் டாபர்ட் தீர்ப்பை, 1999இல் ஒரு டயர் வழக்கு பொறியாளர்களுக்கும் நீட்டித்தது. இடையில் 1997இல் 6வது வட்டார நீதிமன்றம், உயிர்விசையியல் வல்லுநர் விசைகளைப் பற்றியும் அவற்றால் பொதுவாக நேரும் காயங்களைப் பற்றியும் பேசலாம், குறிப்பிட்ட நபரின் காயத்துக்கு இதுவே காரணம் என்று மருத்துவ முடிவு சொல்லலாகாது என்றது. நியாயமான கோடுதான்: சோதனைகளின் எண்கள் பலரின் உடல்களிலிருந்தும் சடலங்களிலிருந்தும் வந்தவை, வழக்கிலோ ஒரே ஒரு உடல்.

மிகக் கடுமையான சர்ச்சை குழந்தைகளைப் பற்றியது. உலுக்கியதால் கைக்குழந்தைக்கு மூளைக்காயம் என்ற குற்றச்சாட்டை, 1987இல் ஃபிலடெல்ஃபியாவில் டியூஹைம் குழுவினர் பொம்மை மாதிரிகளில் சோதித்தனர். தலை மோதும்போது எழும் முடுக்கம், வெறும் உலுக்கலால் எழுவதைவிட ஏறத்தாழ 50 மடங்கு. ஆனால் கைக்குழந்தையின் கழுத்தையும் மூளையையும் பொம்மை எவ்வளவு ஒத்திருக்கும் என்ற கேள்வி எழுந்தது. 2005இல் லண்டனில் இத்தகைய வழக்குகளின் நான்கு மேல்முறையீடுகளைச் சேர்த்து விசாரித்த நீதிபதிகள் உயிர்விசையியல் வல்லுநர்களையும் கேட்டனர். இத்துறை இன்னும் வளர்ந்துவருவது, நிச்சயமற்றது என்றனர். இரண்டு தண்டனைகள் ரத்தாயின, ஒன்றில் கொலைக்குற்றம் கொலையாகாத மரணக் குற்றமாகக் குறைக்கப்பட்டது, ஒன்று நிலைத்தது.