நிலைமின் ஒலிபெருக்கியும் அறையின் வடிவமும்

நிலைமின் ஒலிபெருக்கியில் மின்னேற்றம் பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, துளையிட்ட இரு மின்தட்டுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தட்டுகளின் மின்னழுத்தம் இசைக்கேற்ப மாறும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும். காந்தமும் சுருளும் கூம்பும் கொண்ட வழக்கமான ஒலிபெருக்கியிலிருந்து இது இரண்டு வகையில் மாறுபட்டது: சவ்வின் பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் தள்ளப்படுகிறது, பெரும்பாலான வகைகளுக்குப் பெட்டி கிடையாது. பெட்டி இல்லாததால் முன்பக்கம் வரும் அளவு ஒலி பின்பக்கமும் போகிறது, எதிர்க்கட்டத்தில். ஆளுயரப் பலகங்களை ஓர் அறையில் பொருத்துவது என்பது பெரும்பாலும் இந்தப் பின்னலையை என்ன செய்வது என்ற கேள்விதான். சரிவுக்கூரை, எல் வடிவம், வட்டம் என வழக்கத்துக்கு மாறான அறைகளில் கேள்வி கடினமாகும் என்று எண்ணத் தோன்றும். எப்போதும் அப்படியில்லை.

வரலாறு

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எட்வர்ட் கெலாக்குக்கு நிலைமின் ஒலிபெருக்கிக்கான காப்புரிமை 1934இல் கிடைத்தது. 1925இல் செஸ்டர் ரைஸுடன் சேர்ந்து கூம்பு ஒலிபெருக்கிக்கு இன்றைய உருவத்தைத் தந்தவரும் இவரே. நிலைமின் வகை வீட்டுக்குள் வர, இரண்டாம் உலகப்போருக்குப் பின் பரவிய வலுவான பாலியெஸ்டர் சவ்வு தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் பீட்டர் வாக்கர் உருவாக்கிய குவாட் ஒலிபெருக்கி 1957இல் விற்பனைக்கு வந்தது. அதன் தாழ்ஒலிப் பகுதிக்குச் சுமார் 6,000 வோல்ட்டும் உயர்ஒலிப் பட்டைக்கு 1,500 வோல்ட்டும் மின்னேற்றம் தரப்பட்டது. அமெரிக்காவில் ஆர்தர் ஜேன்சன் வடிவமைத்த கேஎல்ஹெச் நைன் சில ஆண்டுகளில் வெளிவந்தது. பின்னர் அக்குஸ்டாட், சவுண்ட் லேப், மார்ட்டின் லோகன் ஆகியவை இன்னும் உயரமான பலகங்களைச் செய்தன.

எட்டு வடிவப் பரவல்

முன்னலையும் பின்னலையும் பலகத்தின் விளிம்பில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், மேலிருந்து பார்த்தால் ஒலி எட்டு என்னும் எண்ணின் வடிவில் பரவும். பலகம் நிற்கும் தளத்தில், அதாவது நேர் பக்கவாட்டில் மட்டுமன்றி நேர் மேலும் கீழும்கூட, ஒலி ஏறக்குறைய இல்லை. ஒரே முன்னொலி அளவுக்கு, எல்லாத் திசையிலும் பரப்பும் மூலத்தின் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலையே இது அறைக்குள் கொட்டுகிறது. பக்கச்சுவர் எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பது பெட்டி ஒலிபெருக்கியைப் பாதிக்கும் அளவுக்கு இதைப் பாதிக்காமல் போவது இதனால்தான்.

பின்சுவர் வேறு கதை. பலகம் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால், பின்னலை 2 மீட்டர் கூடுதலாகப் பயணித்துச் சுமார் 6 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். அது எதிர்க்கட்டத்தில் புறப்பட்டதால் 86 ஹெர்ட்ஸில் முன்னலையோடு கூடும். 172 ஹெர்ட்ஸில் அதை அழிக்கும். பெட்டி ஒலிபெருக்கிக்கு இதே தொலைவில் 86 ஹெர்ட்ஸில்தான் பள்ளம் விழும். பெட்டியைச் சுவரோரம் நகர்த்தினால் தாழ்ஒலி பெருகும். பெட்டியற்ற பலகத்தை நகர்த்தினால் மெலியும். இதை அறியாமல் இடம் மிச்சம் பிடிக்கப் பலகத்தைச் சுவரோடு சாய்த்துவிட்டு, 'பேஸ் இல்லை' என்று கருவியைக் குறைசொல்பவர்கள் உண்டு. ஒரு மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது பெட்டியற்ற ஒலிபெருக்கிகளை வடிவமைத்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் போன்றோரின் அறிவுரை.

திரைச்சீலை இதற்கு மருந்தாகாது. 10 செ.மீ. கனமான கண்ணாடி இழைப் பஞ்சுகூட 100 ஹெர்ட்ஸில் ஓரளவுக்குத்தான் உறிஞ்சும். உயர்ஒலியை மட்டும் விழுங்கிப் பின்னலையை மந்தமாக்கும் திரையைவிட, புத்தகம் நிறைந்த ஒழுங்கற்ற அலமாரி நல்லது.

சரிவுக்கூரை

மாடியில் கூரைச் சரிவுக்குள் அமைந்த அறையில் இரண்டு சரிவுகளும் முடியும் முக்கோணச் சுவரின் முன்னே பலகங்களை நிறுத்துவதே முதலில் முயல வேண்டியது. முகடு நடுக்கோடாகி, இடமும் வலமும் ஒத்துப்போகும். சரிவுகள் பலகத்தின் மௌனத் தளத்தில் வருவதால் அருகிலுள்ள பகுதிகளிலிருந்து திரும்பும் ஒலி குறைவு. சிக்கல் வெறும் இடநெருக்கடிதான்: 1 மீட்டர் பக்கச்சுவரும் 45 பாகைச் சரிவும் உள்ள அறையில் 2 மீட்டர் உயரப் பலகம், சுவரிலிருந்து 1 மீட்டர் உள்ளே வந்தால்தான் நிற்கும். 5 மீட்டர் அகல அறையில் இரு பலகங்களுக்கும் சேர்த்து 3 மீட்டர்தான் மிஞ்சும். இங்கே சுமார் 80 செ.மீ. உயரமே உள்ள பழைய குவாட், பெரிய பலகங்களைவிடப் பொருத்தமானது. பெரிதாக வாங்கும் ஆசையை அறையே மறுக்கிறது.

ஒரே பக்கம் சரியும் கூரையென்றால் தாழ்ந்த பக்கத்தில் பலகமும் உயர்ந்த பக்கத்தில் கேட்பவரும் இருப்பது வழக்கம். தலைக்கு மேலிருந்து வரும் பிரதிபலிப்பு அப்போது தாமதமாகும்.

தாழ்ஒலியில் சரிவுக்கு ஒரு விலை உண்டு. செவ்வக அறையில் நீளவாக்கில் பார்த்து நிற்கும் பலகம் உயரத்துக்கும் அகலத்துக்கும் உரிய நிலையலைகளைத் தூண்டாது; 2.4 மீட்டர் கூரையின் 71 ஹெர்ட்ஸ் இரைச்சல் எழவே எழாது. சுவரும் கூரையும் சாய்ந்த அறையில் நிலையலைகள் இப்படித் தனித்தனி அச்சுகளில் அடங்குவதில்லை. அந்தச் சலுகையில் பாதி போய்விடும்.

எல் வடிவ அறையில் ஒரு பலகத்தின் பக்கம் சுவரும் மற்றதன் பக்கம் திறந்த வெளியும் இருப்பது நடு, உயர் ஒலிகளில் அவ்வளவாகத் தெரியாது. இரண்டுக்கும் பின்னால் ஒரே வகைச் சுவர் ஒரே தொலைவில் இருந்தால் போதும்.

வட்டமும் குவிமாடமும்

உண்மையில் கடினமானவை வளைந்த அறைகள். உட்குழிந்த சுவர் குழியாடிபோலச் செயல்பட்டுப் பின்னலையைக் குவிக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த குழியாடிச் சமன்பாடே, சுவரின் வளைவைவிடக் குறுகிய அலைநீளங்களுக்கு இங்கும் தோராயமாகப் பொருந்தும். 3 மீட்டர் ஆரமுள்ள வட்ட அறையில் குவியம் சுவரிலிருந்து 1.5 மீட்டரில் இருக்கும். பலகத்தைச் சுவரிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி வைத்தால் பின்னலை சுவரிலிருந்து 3.75 மீட்டரில் கூடும்; அது நாற்காலி போட ஆசைப்படும் இடத்துக்கு அருகில். அங்கே உட்காருபவர் முன்னொலியோடு போட்டியிடும் இரண்டாவது ஒலியைக் கேட்பார். 1 மீட்டரில் வைத்தால் அலை குவியாமல் விரியும். ஆகவே இத்தகைய அறையில் பின்சுவரிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் வரையிலான இடமே பயன்படும். 'எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது' என்ற பொதுவிதி இங்கே பொய்க்கிறது.

ஆரம் சிறிதானால் இந்த இடமும் இல்லாமல் போகும். அப்போது பின்சுவரின் வளைவைச் சிதறடிப்பான்களால் உடைக்க வேண்டும். மான்ஃப்ரெட் ஷ்ரோடர் எண் கோட்பாட்டின் துணையோடு 1970களில் கணக்கிட்டுத் தந்த, வெவ்வேறு ஆழக் குழிகள் கொண்ட அமைப்பு இதற்கு ஏற்றது. எண்கோண அறை இவ்வளவு மோசமில்லை. தட்டையான முகங்கள் ஒலியைத் திருப்புமே தவிர ஒரு புள்ளியில் குவிப்பதில்லை.

உயரமும் தொலைவும்

தரையிலிருந்து கூரை வரை நீளும் பலகம் கோட்டு மூலமாகச் செயல்படும். தரையும் கூரையும் கண்ணாடிபோல அந்தக் கோட்டை நீட்டுவதால், தொலைவு இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபலுக்குப் பதில் 3 டெசிபல்தான் குறையும். கூரை 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் 2 மீட்டர் பலகத்துக்கு இந்த உதவி கிடைக்காது. உயர்ஒலி நெடுந்தூரம் கோட்டுமூலமாகவே நடந்துகொள்ள, தாழ்ஒலி சீக்கிரமே வேகமாகக் குறையத் தொடங்கும். பின்னால் நகர நகர இசை மெலியும். எனவே உயர்ந்த கூடங்களில் நெருங்கி உட்கார வேண்டும். துணைக்கு வைக்கும் சப்வூஃபரும் புள்ளிமூலமாதலால் ஓர் இருக்கைக்குச் சரிசெய்த சமநிலை அடுத்த வரிசையில் பிசகும்.

அகலத்தின் பிரச்சினை வேறு. 60 செ.மீ. அகலத் தட்டைப் பலகம் 570 ஹெர்ட்ஸுக்கு மேல் கற்றையாகக் குறுகத் தொடங்கும். மார்ட்டின் லோகன் பலகத்தையே வளைத்தது. சவுண்ட் லேப் பல முகங்களாகப் பிரித்தது. குவாட்டின் ஈஎஸ்எல்-63, 1981இல், வட்ட வளையங்களுக்குக் குறிப்பலையைத் தாமதித்து அனுப்பி, சவ்வுக்கு 30 செ.மீ. பின்னால் ஒரு புள்ளியிலிருந்து ஒலி பிறப்பதுபோலச் செய்தது. கலிஃபோர்னியாவில் ஹரோல்ட் பெவரிட்ஜ் கருவியின் இலக்கணத்தையே மாற்றினார்: ஆளுயரப் பலகத்தின் முன்னே ஒலி லென்ஸ் வைத்து 180 பாகைக்குப் பரப்பி, இரண்டையும் பக்கச்சுவர்களில் ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தச் சொன்னார். மற்ற பலகங்கள் ஏற்காத அறைகளுக்குப் பெவரிட்ஜின் கருவிகள் வழி திறந்தன; விலையும் கட்டமைப்புச் சிக்கலும் அவற்றைப் பரவவிடவில்லை.

மின்சாரமும் ஈரமும்

நிலைமின் பலகம் மின்தேக்கிபோன்ற சுமை. அதிர்வெண் ஏறஏற மின்மறுப்பு குறைந்து, உச்சத்தில் ஓரிரண்டு ஓமுக்கு இறங்கும் வகைகள் உண்டு. ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்க வேண்டும். மின்னேற்றம் பெற்ற சவ்வு தூசியை ஈர்க்கும். ஈரக்காற்றில் மின்னேற்றம் கசிந்து ஒலி தணியும், சில நேரம் பொறி தெறிக்கும். கடலோர வீடுகளில், குறிப்பாகக் கூரையடி அறைகளில், வெப்பமும் ஈரமும் நாள் முழுக்க ஏறி இறங்குவதால், வடிவக் கணக்கெல்லாம் பார்க்கும் முன்னே ஈரம் நீக்கும் கருவிக்கோ குளிரூட்டிக்கோ இடம் ஒதுக்குவது நல்லது. அதன் இரைச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.