கழற்ற முடியாத பேட்டரி

பழைய பேட்டரிக்கு நம்ம கூடுவாஞ்சேரியில் எப்போதும் ஒரு விலை உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரி போய்விட்டால், கடையில் பழையதைக் கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறோம். உள்ளே இருக்கும் ஈயத்துக்காகக் காயலான் கடைக்காரரும் வாங்குவார். 2001-ல் மத்திய அரசு போட்ட பேட்டரி விதிகளும் ஈய பேட்டரியைப் பற்றியவைதான்.

லித்தியம் அயான் கதை வேறு. 1991-ல் சோனி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமரா, செல்போன் என்று வந்து, கடைசியில் சூட்கேஸுக்குள்ளும் புகுந்தது. போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி, ஏறி உட்கார்ந்தால் ஓடும் பெட்டி என்றெல்லாம் வந்தன. சிலவற்றில் பேட்டரியைக் கழற்றவே வழியில்லை. விமானத்தின் அடியில், சரக்குப் பகுதியில் தீப்பிடித்தால் யார் அணைப்பது? 2018 ஜனவரி 15 முதல் அமெரிக்கன், டெல்டா, அலாஸ்கா விமான நிறுவனங்கள் அத்தகைய பெட்டிகளை ஏற்க மறுத்தன. அந்த மே மாதமே, இவற்றைத் தயாரித்த புளூஸ்மார்ட் நிறுவனம் மூடப்பட்டது.

தீக்குப் பயந்து போட்ட விதி இன்னொரு நன்மையும் செய்தது. பேட்டரி கழன்றால்தானே புதியது மாற்றலாம், பழையதை மறுசுழற்சிக்கு அனுப்பலாம்?

நம் நாட்டில் 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்தான் லித்தியத்தையும் சேர்த்துக்கொண்டன. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. மண்ணில் புதைக்கவும் எரிக்கவும் தடை.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விட்டுச்சென்ற அப்படியொரு பெட்டி பரணில் கிடந்தால், பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டித் தனியே வையுங்கள். நகராட்சிக் குப்பை வண்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் கோபால்ட்டுக்கும் நிக்கலுக்கும் ஈயத்தைப் போலவே மதிப்பு உண்டு.